செவல்நேரியில் எல்லாரும் முதல்

செவல்நேரியில் பிள்ளைகள் தரையை விட்டு எழும்பிய வருடத்தைப் பற்றிக் கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது அந்த வருடம் முருங்கை நன்றாகக் காய்த்தது என்பதைத்தான்; பிறகுதான், ஆமாம், பிள்ளைகளும் மேலே போனார்கள், காய் பறிக்க வசதியாக இருந்தது என்பார்கள்.

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வினாத்தாள் ஒரு தடவை வெளியானது, வேறு அச்சடித்தார்கள், அதுவும் வெளியானது, மறுபடி அச்சடித்தபோது அச்சகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் விடைகளோடு கிடைத்தது. சலித்துப்போன சர்க்கார், இந்த ஒரு வருடம் தேர்வே வேண்டாம், அந்தந்தப் பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளுக்கு மனசாட்சிப்படி மார்க் போட்டு அனுப்பட்டும், அதை வைத்துக் கல்லூரியில் இடம் கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டுவிட்டது. செவல்நேரியில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன, ஆகவே இரண்டு மனசாட்சிகள் இருந்தன.

ஒன்று தங்கத்தேர் மெட்ரிகுலேஷன் பள்ளி. அதன் தாளாளர் வைரமணி இளகிய மனசுக்காரர். யாருடைய முகமும் வாடுவதைப் பார்க்க அவரால் முடியாது, குறிப்பாகப் பெற்றோர் முகம். அவர் தம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அறுநூற்றுக்கு அறுநூறு போட்டார். மற்றொன்று அரசு பெண்கள் பள்ளி. அங்கே தலைமையாசிரியை ரெஜினாள் டீச்சர். கடவுளே வந்து கணக்குப் பரீட்சை எழுதினாலும் கடைசி வரிக்குக் கீழே கோடு போடவில்லை என்று அரை மார்க் குறைப்பார் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு. அவர் போட்ட மார்க்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்த இசக்கிக்கு நானூற்று முப்பத்தொன்று.

மார்க் பட்டியல் கொடுத்த அன்று காலை, தங்கத்தேர் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் காகிதத்தைக் கையில் வாங்கினார்கள், வாங்கிய கையோடு எழும்பினார்கள், எழும்பி ஓட்டுக்கூரையின் விளிம்பளவுக்குப் போய் எல்லாரும் ஒரே மட்டத்தில் நின்றார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசில் அடித்து வரிசையை நேராக்கினார். வைரமணி அண்ணாந்து பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்லா, நம்ம பிள்ளைக உசரத்துக்குப் போகும்னு" என்றார். அரசு பள்ளிப் பெண்கள் தங்கள் மார்க்கை வாங்கிக்கொண்டு தரையில் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. முதல் வாரம் தாய்மார்கள் பிள்ளைகளைக் கட்டில் காலில் கட்டிப் போட்டார்கள், பிறகு இடுப்பில் கயிறு கட்டிக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகப் பழகினார்கள், பிறகு அதிலும் ஒரு பவிசு வந்து, கயிற்றுக்குப் பதில் பட்டு நாடாவும் சரிகைக் குஞ்சமும் கட்டினார்கள். டீக்கடைக்காரர் நீளக் குச்சியில் தம்ளரை மாட்டி நீட்டினார், சலூன்காரர் ஏணி வாங்கினார், மின்வாரியத்து ஆள் வீடு வீடாகப் போய்க் கம்பி இருக்கும் தெருவில் பிள்ளைகளை விடாதீர்கள் என்று கெஞ்சினார். கோயில் உத்தரத்தில் யாருக்கும் எட்டாமல் இருந்த குளவிக்கூட்டை நாலு பையன்கள் போய் எடுத்தார்கள், வீங்கிய முகத்தோடு மாலை மரியாதை வாங்கினார்கள். கல்யாணத் தரகர் ஒருவர், "பையன் நிக்கான்" என்பதை விட்டுவிட்டு "பையன் மிதக்கான்" என்று பேச ஆரம்பித்தார்.

இதில் சந்தோஷம் இல்லாத ஒரே பிள்ளை சந்தனராஜ். உரக்கடை தவசிமுத்துவின் மகன் அவன். கட்டிலிலிருந்து கீழே பார்த்தாலே தலை சுற்றுகிறவன், இப்போது கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டு கண்ணை இறுக மூடியபடி நாளைக் கழித்தான். தவசிமுத்துவோ அவனை வாசலில் கட்டி, போவோர் வருவோருக்கெல்லாம் காட்டி, டாக்டர் ஆகப்போகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீடு இசக்கியின் வீடு. அவள் அம்மா முப்பிடாதி எருமை வளர்த்துப் பால் ஊற்றுகிறவள். புருஷன் இல்லை; எருமைகள் உண்டு. இசக்கிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். எருமைக்கு எங்கே வலிக்கிறதென்று அதற்கும் சொல்லத் தெரியவில்லை, எப்போதாவது வருகிற டாக்டருக்கும் கேட்கத் தெரியவில்லை, நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். கால்நடைக் கல்லூரியில் செவல்நேரி வட்டாரத்துக்கு இருந்தது ஒரே ஒரு இடம். நானூற்று முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே அறுநூறுகள் மிதக்கிற ஊரில், அந்த இடத்தை நினைப்பதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏட்டி இசக்கி," என்று மேலிருந்து சந்தனராஜ் கூப்பிடுவான், "கீழ எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் இருக்கு. ஒரே சாணி."

"குடுத்து வெச்சவட்டி நீ."

இப்படி எல்லா ஊரிலும் சில பிள்ளைகள் மேலேயும் சில பிள்ளைகள் கீழேயுமாக இருந்தபோது, பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு யாருக்கு இடம் கொடுப்பதென்று புரியவில்லை. பேனா தாராளமான ஊர்ப் பிள்ளையும் கஞ்சமான ஊர்ப் பிள்ளையும் ஒரே கவுன்ட்டருக்கு வந்தால் எப்படி ஒப்பிடுவது? அதற்காக ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். செவல்நேரிக்கு வந்தவர் சுகிர்தம் என்ற புள்ளியியல் பேராசிரியை. குள்ளமான பெண்மணி, ஜீப்பில் வந்ததில் குமட்டல் எடுத்து, இறங்கியதும் எலுமிச்சம்பழம் கேட்டவர்.

அவர் இரண்டு பள்ளிக்காரர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அரசு பள்ளி மைதானத்தில் உட்கார வைத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி விளக்கினார். "ஒரு பள்ளிக்குள்ள யாரு முதல், யாரு அடுத்தது, யாருக்கும் யாருக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்க போட்ட மார்க் சொல்லும். அந்த வரிசையில நான் கை வைக்க மாட்டேன். ஆனா உங்க பள்ளி மொத்தமா மத்த பள்ளிகளோட பார்த்தா எங்க நிக்குதுன்னு தெரியணும்ல? அதுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுத்தேர்வு வெப்பேன். அதுல வர்றதை வெச்சு உங்க வரிசையை அப்படியே மொத்தமா ஏத்துவேன், இல்ல இறக்குவேன்."

"அந்தத் தேர்வு மார்க்கையே பிள்ளைக்கு வெச்சா என்ன?" என்று தவசிமுத்து கேட்டார்.

"ஒரு மணி நேரத்துல ஒரு பள்ளிக்கூடத்தை அளந்திரலாம். ஒரு பிள்ளையை அளக்க முடியாது. அன்னைக்கு அதுக்கு வயித்துவலியா இருக்கும்."

இது ஊருக்குப் புரிந்தது. வயிற்றுவலி எல்லாருக்கும் வந்திருக்கிறது.

வைரமணிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "எங்க பிள்ளைக மேல இருக்கே, கீழ பெஞ்சு போட்டா எப்படி எழுதும்? அதனதன் உசரத்துலதான் பரீட்சை வைக்கணும். அதுதானே நியாயம்?"

சுகிர்தம் ஒத்துக்கொண்டார். ஆகவே தேர்வு நாளில் கல்யாண மண்டபத்தின் உத்தரங்களிலிருந்து கயிறு கட்டிப் பலகைகளைத் தொங்கவிட்டார்கள், தங்கத்தேர் பிள்ளைகள் மேலே ஊஞ்சலாடிக்கொண்டு எழுத, அரசு பள்ளிப் பெண்கள் அவர்களுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுதினார்கள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர்களில் பாதிப்பேர் ஏணியில் நின்றார்கள். மேலே ஒருவருடைய பலகை ஆடினால் வரிசை முழுவதும் ஆடியது. மேலிருந்து பேனா விழுந்தது, அழிரப்பர் விழுந்தது, ஒரு பையனிடமிருந்து பதினோராம் வகுப்புப் புத்தகமே விழுந்து, கீழே ரெஜினாள் டீச்சரின் தோளில் பட்டது. அவர் அதைப் பிரித்துப் பார்த்து, "இந்தப் பக்கத்துல இருக்கிறது கேள்வியிலயே இல்லியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சந்தனராஜ் கண்ணை மூடிக்கொண்டே எழுதினான். அவனுக்குப் பக்கத்துப் பலகையில் நித்தியகல்யாணி எழுதினாள். கோழிப்பண்ணைக்காரர் மகள், அதிகம் பேசாதவள், அந்தப் பள்ளியில் உண்மையாகவே படிக்கிறவள். மாவட்ட வினாடி வினாப் போட்டியில் ஒரு தடவை இசக்கியை அவள் தோற்கடித்திருந்தாள். இசக்கி அதை மறக்கவில்லை. அந்தப் போட்டியில்தான், வருங்காலத்தில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டபோது, இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

பிறகு ஒரு காலை நேரம் சுகிர்தம் மறுபடி வந்தார், மறுபடி எலுமிச்சம்பழம் கேட்டார், அரசு பள்ளி மைதானத்தில் ஊரே கூடி நிற்க, சமன்செய்த மதிப்பெண்களை ஒலிபெருக்கியில் வாசித்தார். வாசிக்க வாசிக்க, தங்கத்தேர் பிள்ளைகள் மொத்தமாக, வரிசை கலையாமல், ஒரு பெரிய படுதாவைச் சுருட்டி இறக்குவதுபோல இறங்கினார்கள். இறங்கி, தரைக்கு முழங்கால் உயரத்தில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். தாய்மார்கள் கையில் பட்டு நாடா தொய்ந்தது. அதே நேரத்தில் பெண்கள் பள்ளி வரிசையிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள், ஒருத்தி சாண் உயரம், ஒருத்தி ஆள் உயரம், இன்னொருத்தி ஜன்னல் உயரம் என்று அவரவர் அளவுக்கு எழும்ப, இசக்கி எல்லாருக்கும் மேலே, கொடிக்கம்பத்தின் பாதிக்கும் மேலே போய், கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பிடாதி பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். மகள் உயர வேண்டுமென்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள்தான், இவ்வளவு நேர்மேலே எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டி! துப்பட்டாவ இழுத்துச் செருகு! காத்தடிக்கி!"

ரெஜினாள் டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதுகு வளைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். சொன்ன பிறகு வேறு பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

கூட்டம் கலையப் போகும் நேரத்தில் நித்தியகல்யாணி மேடையில் இருந்த சுகிர்தத்தின் மேஜைக்கு வந்தாள். முழங்கால் உயரத்தில் மிதந்து வந்ததால் இருவருடைய முகமும் நேருக்கு நேராக இருந்தன.

"மேடம், நான் எங்க நிக்கணும்?"

சுகிர்தம் அவளுடைய தேர்வுத்தாளைப் பார்த்திருந்தார். செவல்நேரியிலேயே எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியவள் அவள்தான். அவர் எலுமிச்சம்பழத்தை மேஜையில் வைத்தார். "உன் பள்ளி எல்லாருக்கும் ஒரே மார்க் போட்டிருக்கும்மா. வரிசையே இல்லாத இடத்துல நான் எதை ஏத்த, எதை இறக்க? நீ யாருன்னு உன் பள்ளிதான் சொல்லணும்." பிறகு அவர் வைரமணியைக் கூப்பிட்டார். "சார், இவங்கள்ல யாரு முதல், யாரு கடைசின்னு ஒரு வரிசை சொல்லுங்க. நான் ஜீப் ஏறுறதுக்குள்ள சொன்னா சேர்த்துக்கிறேன். அதுக்குத்தான் விதியில இடம் இருக்கு."

வைரமணியின் முகம் வேர்த்தது. தங்கத்தேர் பள்ளியின் பெற்றோர் ஒவ்வொருவரையும் அவர் தம் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மற்றவர்களுக்குச் சும்மா போட்டிருக்கிறேன், உங்கள் பிள்ளைதான் உண்மையான முதல், வெளியே சொல்லாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அத்தனை பெற்றோரும் அந்த ரகசியத்தை அத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தார்கள், இப்போது அத்தனை பேரும் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள்.

"எங்க பள்ளியில எல்லாரும் முதல்" என்றார் வைரமணி. டிரைவர் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்.

கொடிக்கம்பத்தில் இருந்த இசக்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இந்த வட்டாரத்திலேயே உயரத்தில் இருப்பவள் அவள்தான், அந்த ஒரே இடம் அவளுக்குத்தான், ஜீப் கிளம்பினால் போதும். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை, யாரையும் தள்ளிவிடவில்லை, வாயை மூடிக்கொண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கீழே கல்யாணி பேராசிரியையின் மேஜைக்கு முன்னால், அழாமல், நகராமல், யாரோ வந்து எடுத்துப்போக வேண்டிய சாமான் மாதிரி மிதந்துகொண்டிருந்தாள். இசக்கிக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அழுதாலாவது பரவாயில்லை என்று நினைத்தாள்.

அப்போது நேர்கீழே சந்தனராஜின் புலம்பல் கேட்டது. "ஏட்டி இசக்கி, தரை தெரியுதுட்டி. கால் எட்ட மாட்டேங்குது. முழங்கால் அளவு பாக்கி. என்ன செய்யட்டும்?"

இசக்கி ஜீப்பைப் பார்த்தாள், கல்யாணியைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏலே சந்தனம்! உன் வகுப்புல நீ எத்தனாவதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நாந்தான் கடைசி."

சொல்லி முடிக்கவும் அவன் பாதம் தரையில் பட்டது. பொத்தென்று ஒரு சின்னச் சத்தம். அவன் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான், வைத்துப் பார்த்தான், பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணில் அங்குமிங்கும் நடந்தான். "யப்பா, தரைப்பா! யப்பா, சூடா இருக்குப்பா!"

"ஏலே, வாய மூடுல!" என்று தவசிமுத்து பாய்ந்து வந்தார். "கடைசியாம்லா! வைரமணி சார் உன்னையத்தான் முதல்னு என்கிட்ட தனியாச் சொன்னாரு!"

"உங்ககிட்டயுமா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனார். "எங்கிட்டயும்லா சொன்னாரு" என்றது ஒரு பெண் குரல். வைரமணி மெல்ல நகர்ந்து ஜீப்புக்குப் பின்னால் போனார்.

அதற்குள் இன்னொரு சண்டை கிளம்பிவிட்டது. ஒரு பையன் மிதந்தபடியே சந்தனராஜின் சட்டையைப் பிடித்தான். "நீ எப்படில கடைசி? வேதியியல்ல நீ ஏழு மார்க்கு, நான் நாலு. நாந்தான் கடைசி." இரண்டு பேரும் ரெஜினாள் டீச்சரிடம் நியாயம் கேட்டுப் போனார்கள். அவர் இருவரிடமும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார், இரண்டு பதிலையும் கேட்டு நெற்றியைத் தேய்த்துவிட்டு, "சேர்ந்தே நில்லுங்க" என்றார். இரண்டாமவனும் தரைக்கு வந்தான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. எத்தனையோ நாளாகக் கூரையடியில் ஒரே மட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், நீ எனக்கு மேலே, நான் உனக்குக் கீழே, அவள் பௌதிகத்தில் கெட்டிக்காரி, அவனுக்கு மனப்பாடம் மட்டும்தான் வரும் என்று தாங்களாகவே பேசி, ஒருவர் தோளைப் பிடித்து ஒருவரைத் தள்ளி, இழுத்து, வரிசையில் நின்றார்கள். வாத்தியார்களுக்கு ஒரு வருடம் முழுவதும் தெரியாமல் இருந்தது பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்திருந்தது. தாய்மார்கள் கீழிருந்து, "இன்னும் கொஞ்சம் மேல சொல்லுடா, வெக்கப்படாம சொல்லு" என்று கத்தினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் தன்னைத் தானே பத்தாவதாகச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து கத்தி அவளை ஆறாவதுக்கு ஏற்றினார்கள். கடைசியில் வரிசையின் தலைமாட்டில் ஒரே ஒரு இடம் பாக்கியிருந்தது, பேசாமல் நின்ற ஒரே ஒருத்தி பாக்கியிருந்தாள்.

"அவதான்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

சுகிர்தம் எழுதினார், கணக்குப் போட்டார், ஒலிபெருக்கியை எடுத்து வாசித்தார். நித்தியகல்யாணி எழும்பினாள். ஜன்னலைத் தாண்டி, கூரையைத் தாண்டி, கொடிக்கம்பத்தில் இசக்கி இருந்த இடத்துக்கு வந்தாள், ஒரு நொடி இரண்டு பேரும் முகத்தோடு முகம் நின்றார்கள்.

"நீ கத்தாம இருந்திருக்கலாம்லா" என்றாள் கல்யாணி.

"எனக்கும் அது இப்பத்தான் தோணுது" என்றாள் இசக்கி. "மேல பாத்துப் போ. கரண்டுக் கம்பி இருக்கு."

கல்யாணி குனிந்து கம்பியைத் தாண்டி, மேலே போனாள். கால்நடைக் கல்லூரியில் செவல்நேரி வட்டாரத்துக்கு இருந்த அந்த ஒரே இடம் அவளுக்குப் போயிற்று.

அன்று சாயந்திரம் இசக்கி சாப்பிடவில்லை. தொழுவத்து உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் கீழே நின்ற எருமையின் முதுகில் சொட்டியது. முப்பிடாதி சோற்றைத் தட்டில் போட்டு, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியில் ஒரு பையை மாட்டி, தட்டை அதில் வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் கையை நீட்டுகிறவரை கை வலிக்க நின்றாள்.

"நான் பைத்தியக்காரியாம்மா?"

"ஆமாட்டி" என்றாள் முப்பிடாதி. "சாப்பிடு. கையி கடுக்கு."

மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. தங்கத்தேர் பள்ளியின் வாசலில், தங்களைத் தாங்களே வரிசைப்படுத்திக்கொள்ளும் மாணவர்களைக் கொண்ட ஒரே பள்ளி என்று வைரமணி பெரிய பலகை வைத்தார், அடுத்த வருடம் கூட்டம் இன்னும் கூடியது. சந்தனராஜ் மண்ணியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தான். தரையைப் பற்றியே படிக்கிற படிப்பு ஒன்று இருப்பது அவனுக்கு ஆச்சரியம், அது உரக்கடைக்கு உதவும் என்பது தவசிமுத்துவுக்கு ஆறுதல். கலந்தாய்வின் இரண்டாவது சுற்றில் எங்கோ வடக்கே ஒரு பையன் மனித டாக்டருக்குப் படிக்கப் போய்விட, ஒரு கால்நடைக் கல்லூரியில் ஒரு இடம் காலியாகி, அது உயர வரிசையில் இறங்கி இறங்கி இசக்கியிடம் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் ஒரு பகலும் அதற்கு மேலும் போக வேண்டிய தூரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் கூரையில் தலை இடிக்க இடிக்க அவள் போய்ச் சேர்ந்தாள்.

கல்லூரியில் முதல் நாள், எல்லாத் திசையிலிருந்தும் எல்லா உயரத்திலும் வந்திருந்த பிள்ளைகளை மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார்கள். சினைப்பசு ஒன்றின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார் பேராசிரியர். மாடு தரையில் நிற்கிறது. காதை அதன் வயிற்றுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கால் தரைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக முக்கிக்கொண்டு இறங்கியது. இசக்கி இறங்கியபோது சாணி விரலிடுக்கில் பிதுங்கியது. அவள் குனிந்து, காதை வைத்து, உள்ளே ஏதோ ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள்; கேட்ட சந்தோஷத்தில் இன்னும் நெருங்கிப் போக, பசு திரும்பிப் பார்த்து, காலை மடக்கி, ஒரே உதையில் அவளைத் தொழுவத்தின் மறுகோடிக்கு அனுப்பியது.

சாயந்திரம் இசக்கி ஊருக்குப் போன் செய்தாள். "அம்மா, இன்னைக்கு மாடு என்னைய உதைச்சிட்டுது."

"காலேஜு மாடா?"

"ஆமா, காலேஜு மாடுதான்."

முப்பிடாதி போனை வைத்தாள், தெருவுக்கு வந்தாள், தவசிமுத்துவிடம் சொன்னாள், டீக்கடையில் சொன்னாள், சலூனில் சொன்னாள், பால் ஊற்றப் போன வீடுகளிலெல்லாம் படியில் நின்று, என் மகளைக் கல்லூரியில் மாடு உதைத்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் அப்படியா, அப்படியா என்று எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். ரெஜினாள் டீச்சர் மட்டும் எந்த இடத்தில் உதைத்தது, அவள் எப்படி நின்றாள் என்று விசாரித்தார், விசாரித்துவிட்டு அரை மார்க் குறைத்தார்.